குரல் சென்ற வழியும் பாடகி சென்ற வழியும்

"இசைக்கு நிறமில்லை" என்று மேடைதோறும் சொல்லி வருகிறோம். அழகிய வாக்கியந்தான், ஆனால் அது முழு உண்மையா? 1930களில் அமெரிக்க ஹோட்டல்களிலிருந்து நேரடியாக ஒலிபரப்பான ஜாஸ் இசையைப் பதிவுகளில் கேட்கும்போதெல்லாம் இவ்வினா நம் உள்ளத்தில் எழாமலில்லை.

நியூயார்க்கில், இரயில் நிலையத்திற்கு எதிரே, 1919இல் திறக்கப்பட்டது பென்சில்வேனியா ஹோட்டல். 2,200 அறைகள் கொண்ட அந்த மாபெரும் விடுதியின் 'மேட்ஹாட்டன்' கூடத்தில், 1937இன் பிற்பகுதியில் பென்னி குட்மனின் குழு இரவுதோறும் வாசித்தது. கூடத்து ஒலிவாங்கியிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியாக வானொலி நிலையத்திற்கும், அங்கிருந்து சி.பி.எஸ். நிறுவனத்தோடு இணைந்த நிலையங்கள் வழியாக நாடெங்கும் இசை சென்றது. ஹோட்டலுக்கு விளம்பரம், குழுவுக்குப் புகழ், வானொலிக்கு அதிகச் செலவில்லாத இரவு நிகழ்ச்சி என, வணிகக் கணக்கில் பிறந்த ஏற்பாடு அது. ஆயினும் அதனுள் உயர்ந்த கலை குடிகொண்டிருந்தது.

அன்றைய இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 3 நிமிடங்களே ஓடும். கலைஞன் தன் கற்பனையை அதற்குள் மடித்து வைக்க வேண்டும். நேரடி ஒலிபரப்பில் அந்த நெருக்கடி தளர்ந்தது. எதிரே மக்கள் ஆடுகிறார்கள், கைதட்டல் கேட்கிறது, பிழை நேர்ந்தால் திருத்த வழியில்லை. இந்த அச்சமும் உற்சாகமும் சேர்ந்து, ஒலிப்பதிவுக் கூடத்தில் காண்பதற்கரிய உயிர்ப்பை அவ்விசைக்குத் தந்தன. குறிப்பாக, குட்மனின் நால்வர் குழுவைச் சொல்ல வேண்டும். டெடி வில்சனின் பியானோ அளந்து பேசும்; லயனல் ஹாம்ப்டனின் வைப்ரஃபோன் பொங்கி வழியும்; ஜீன் குருப்பாவின் டிரம்ஸ் இரண்டையும் தாங்கும்; குட்மனின் கிளாரினெட் மேலே மிதந்து செல்லும்.

இந்நால்வரில் வில்சனும் ஹாம்ப்டனும் கறுப்பர்கள். மற்ற இருவரும் வெள்ளையர்கள். இரு இனத்தவரும் ஒரே மேடையில் அமர்வது அரிதாயிருந்த காலம் அது. எனவே அதைத் துணிவு என்றே போற்றுகிறோம். எனினும், அவ்விருவரும் முழுக்குழுவின் வழக்கமான உறுப்பினர்களாய் அமரவில்லை. முழுக்குழுவில் பியானோ வாசித்தவர் ஜெஸ் ஸ்டேசி என்ற வெள்ளையர். நால்வர் குழு இடையிடையே வரும் தனி நிகழ்ச்சியாகவே அமைந்தது. வானொலிக்கு முன் அமர்ந்தவரின் செவிக்கு இந்த ஏற்பாடு புலப்பட்டிருக்காது.

அடுத்த ஆண்டில் நடந்தது இன்னும் கசப்பானது. 1938இன் இறுதியில், அதே நகரின் லிங்கன் ஹோட்டலில் ஆர்ட்டி ஷாவின் வெள்ளையர் குழு வாசித்தது. அங்கிருந்தும் வானொலிக்கு நேரடி ஒலிபரப்பு உண்டு. அக்குழுவின் பாடகி பில்லி ஹாலிடே கறுப்பினப் பெண். விருந்தினர் செல்லும் வழியை விட்டு, சரக்கு ஏற்றும் மின்தூக்கியில் வருமாறு அவரிடம் சொல்லப்பட்டது. அடிமை முறைக்கு முடிவு கட்டிய தலைவரின் பெயரைத் தாங்கிய விடுதியில் இது நிகழ்ந்தது! சில வாரங்களில் அவர் அக்குழுவைவிட்டு விலகினார்.

அந்த ஒலிபரப்புகளைப் புகழ்வோர் பலரும், வானொலி அலைகள் இனச்சுவரைத் தகர்த்தன என்பர். நாம் அவ்வளவு தூரம் செல்லத் தயங்குகிறோம். அலைகள் சுவரைத் தாண்டின. சுவரோ நின்ற இடத்திலேயே நின்றது. கலைஞரின் குரலைத் தன் இல்லத்தின் கூடத்திற்குள் வரவேற்ற அதே சமுதாயம், அவரது உடலைப் பின்வாசலுக்கு அனுப்பியது. கலை நீதிக்கு முன்னோடியாய் நடக்கலாம். நீதி செய்ய வேண்டிய வேலையைக் கலையின் தலையில் சுமத்திவிட்டு நாம் ஓய்ந்திருத்தல் தகாது.

பென்சில்வேனியா ஹோட்டல் 2023இல் முற்றிலும் இடிக்கப்பட்டு மறைந்துவிட்டது. அதன் கூடத்தில் எழுந்த இசையோ பதிவுகளில் வாழ்கிறது. அது கேட்டு மகிழத்தக்கதே. கேட்டு முடித்தபின், இசைத்தவர் எவ்வாசல் வழியே உள்ளே வந்தார் என்று ஒரு கணம் வினவுவோம். அதுவும் ரசனையின் ஒரு பகுதியே.