சாந்தோம் பேராலயம்: மரபும் வரலாறும்

செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி வழியும்போது அதன் உபரி நீர் அடையாற்றில் சேர்ந்து, சைதாப்பேட்டையில் சின்னமலைக்கு அருகே ஓடி, சாந்தோமுக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. சின்னமலையையும் சாந்தோமையும் அப்போஸ்தலனாகிய தோமாவோடு இணைத்துப் பேசுவது நெடுநாள் மரபு. இவ்வேரியைச் சூழ்ந்த சபைகளில் ஊழியஞ்செய்யும் நாம், ஞாயிறு பள்ளி மாணவரைச் சாந்தோம் பேராலயத்திற்கு அழைத்துச் செல்வதுண்டு. அங்கே நிலவறைக் கல்லறையைக் காட்டி, ‘கி.பி. 52இல் தோமா இந்தியா வந்தார். 72இல் மயிலையில் இரத்தசாட்சியாக மரித்தார்’ என்று ஒரே மூச்சில் கூறிவிடுகிறோம். இக்கூற்று எத்தகைய சான்றின்மேல் நிற்கிறது என்பதை ஆய்ந்து நோக்குதல் நம் கடமையாகும்.

‘தோமாவின் நடபடிகள்’ என்னும் சீரிய மொழி நூல் கி.பி. 3ஆம் நூற்றாண்டில், எதெசா நகரைச் சார்ந்த சூழலில் எழுந்தது. அது குறிப்பிடும் குந்தபோர் மன்னன் வடமேற்கு இந்தியாவை ஆண்டவன் என்பதை நாணயங்கள் மெய்ப்பிக்கின்றன. ஆயினும் மயிலாப்பூரின் பெயர் அந்நூலில் இல்லை. தோமாவின் எலும்புகள் மேற்றிசைக்குக் கொண்டுபோகப்பட்டன என்றும் அந்நூலே கூறுகிறது. தமிழகக் கடற்கரையில் உள்ள கல்லறையைப்பற்றி விரிவாகக் கூறுபவர் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ. கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் அங்கு யாத்திரை வந்தனர் என்றும், அவ்விடத்து மண்ணை எடுத்துச்சென்று நோயாளிகளுக்குக் கொடுத்தனர் என்றும் அவர் எழுதினார். இது அக்காலத்து மக்களின் பக்திக்குச் சிறந்த சான்று. முதல் நூற்றாண்டு நிகழ்ச்சிக்கு இது சான்றாகாது. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காண்பதே வரலாற்று ஒழுக்கம்.

இனிக் கட்டடத்தை நோக்குவோம். போர்த்துகீசியர் 1523இல் கல்லறையை அகழ்ந்து, அங்கே ஆலயம் எழுப்பினர். 1606இல் மயிலை தனி மறைமாவட்டமாயிற்று. இன்று நாம் காணும் பேராலயமோ 1896இல் அபிஷேகம் செய்யப்பட்டது. போர்த்துகீசிய அரசின் உரிமைக்குட்பட்ட ஆயரின் கீழ், ஆங்கிலேயர் ஆண்ட நகரில், ஆங்கிலப் படைப் பொறியாளர் ஒருவரின் வரைவின்படி, ஐரோப்பிய கோதிக் பாணியில் அது எழுந்தது. ஏறக்குறைய 155 அடி உயர்ந்த கோபுரம் வானளாவ நிற்க, சிறிய கோபுரம் ஒன்று கல்லறையின் இடத்தைக் குறித்து நிற்கிறது. ஆயர் நியமனத்தில் தனக்கிருந்த உரிமையைப் போர்த்துகல் 1950இல்தான் விட்டுக்கொடுத்தது. 1952இல் சென்னை–மயிலை உயர்மறைமாவட்டம் உருவாயிற்று. ஆகவே, முதல் நூற்றாண்டைச் சுட்டும் இவ்வாலயத்தின் கற்கள் பேரரசுகளின் வரலாற்றையே உரக்கப் பேசுகின்றன.

‘கிறிஸ்தவம் அந்நிய மதம்’ என்னும் குற்றச்சாட்டுக்கு விடையாகவே நாம் கி.பி. 52ஐ எடுத்துரைக்கிறோம். அவ்விடை நம்மை எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் எண்ணுதல் வேண்டும். 1970களில், திருவள்ளுவர் தோமாவின் போதனையைப் பெற்றவர் என்னும் கூற்றுப் பரவியது. தமிழறிஞர் அதனை ஏற்கவில்லை. எனினும் நம் பிரசங்கபீடங்கள் சிலவற்றில் அது இன்னும் ஒலிக்கிறது. சான்றின்றிப் பிறர் செல்வத்தை நமதென்பது சாட்சியாகுமா? மற்றொன்றும் உண்டு. பேராலய வளாகத்தில் பழந்தமிழ்க் கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்துள்ளன. மயிலையின் பழைய கபாலீசுவரர் கோயில் கடலோரத்தில் இருந்து, போர்த்துகீசியர் காலத்தில் அழிந்ததென ஆய்வாளர் பலர் கருதுவர். தோமாவின் தொன்மையை விருப்புடன் பேசும் நாம், இக்கற்களைக் கண்டும் காணாததுபோல் கடந்துசெல்லுதல் தகாது.

கத்தோலிக்கச் சகோதரரைக் குறைகூற இதனை எழுதவில்லை. நம் தூய ஜார்ஜ் பேராலயமும் 1815இல் ஆங்கிலேயருக்காக எழுந்ததே. ஆயினும் 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை அங்கேதான் பிறந்தது. அந்நியர் கட்டிய சுவர்களுக்குள் இம்மண்ணின் மக்கள் ஜெபித்துத் தங்கள் திருச்சபையை உருவாக்கினர். ஒரு திருச்சபை இந்நாட்டிற்கு உரியதாவது அதன் ஆண்டுக்கணக்கினால் அன்று. இம்மக்களின் துன்பத்தில் பங்குகொள்வதினால் ஆகும்.

எனவே, அடுத்தமுறை மாணவரை அங்கு அழைத்துச் செல்லும்போது மூன்றைப் பிரித்துச் சொல்வோமாக: மரபு நம்புவது இது, சான்று காட்டுவது இது, கட்டடம் பேசுவது இது. காயங்களைக் கண்டு தொட்டாலன்றி விசுவாசியேன் என்ற தோமாவை ஆண்டவர் தள்ளிவிடவில்லை. தம் கரங்களை அவனுக்குக் காட்டினார். அவ்வப்போஸ்தலனின் பெயர்பெற்ற இடத்தில் நின்று, சோதித்தறியாததைச் சோதித்தறிந்ததுபோல் பேசுதல் அவனுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.