மூக்கை அளந்த நூல்

மானிடவியல் கற்கப் புகும் தோழர்கள் புரட்டும் நூல், எட்கர் தர்ஸ்டன் ரங்காச்சாரியின் துணையோடு 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’. நாமும் புரட்டினோம். வழக்கங்களைத் திரட்டிய உழைப்பு பெரிது, மறுக்கமாட்டோம். ஆனால், குலந்தோறும் மூக்கையும் மண்டையையும் அளந்து அட்டவணையிட்டாரே, எதற்காக? மூக்கு அகல அகலச் சமூகநிலை தாழும் என்றவர் ரிஸ்லி. அத்தகைய அளவுகளைக் கொண்டே, பார்ப்பனரும் தீண்டப்படாதாரும் ஓரினமே என்று 1948-இல் அம்பேத்கர் வாதிட, அந்தக் கோல் முறிந்தது!

கவரைப்பேட்டை அடங்கிய அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்து இருளரும் அந்நூலில் உண்டு. உடலை அளந்தால் அவர்தம் தாழ்வின் காரணம் புலப்படுமா? கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்த பிறகும், திருவள்ளூர் மாவட்டத்து அரிசி ஆலைகளிலும் செங்கற்சூளைகளிலும் இருந்து இருளர் மீட்கப்பட்டனரே. அவர்களைப் பிணித்தது முன்பணக் கடனன்றோ!