கவனிக்காமல் விட்ட ஓர் ஆல்பம்

ஃபெய்த் நோ மோர் என்றதும் ‘எபிக்’ பாட்டையும் 1992இல் வந்த ‘ஏஞ்சல் டஸ்ட்’ ஆல்பத்தையும் சொல்பவர்கள், 1995இல் வந்த ‘கிங் ஃபார் எ டே, ஃபூல் ஃபார் எ லைஃப்டைம்’ பக்கம் வருவதில்லை. அந்த சான் ஃபிரான்சிஸ்கோ குழுவின் ஆல்பங்களில் என் மனசுக்கு மிக நெருக்கமானது இதுதான்.

கிதார் கலைஞர் ஜிம் மார்ட்டின் அதற்குள் போய்விட்டிருந்தார். கீபோர்டும் முன்பளவு இல்லை. அந்த இடைவெளியில் மிஸ்டர் பங்கிள் குழுவிலிருந்து வந்த டிரே ஸ்ப்ரூயன்ஸின் கிதார் கொழுப்பில்லாமல், கூராக ஒலிக்கிறது. ‘டிக்கிங் தி கிரேவ்’ பாட்டில் பாடகர் மைக் பேட்டன் தொண்டை கிழியக் கத்துகிறார். அதே மனிதர் ‘எவிடென்ஸ்’ பாட்டில் குரலைத் தணித்து, அவசரமே இல்லாமல், சோல் பாடகரைப் போலக் குழைகிறார். எத்தனை முறை கேட்டாலும் அந்தக் குழைவு எனக்கு அலுக்கவில்லை. ‘ஸ்டார் ஏ.டி.’யில் ஊதுகருவிகள் முழங்குகின்றன. கடைசிப் பாட்டான ‘ஜஸ்ட் எ மேன்’ தேவாலயச் சேர்ந்திசையாக விரிகிறது.

பாட்டுக்குப் பாட்டு பாணி மாறுவதைக் குறை என்பார்கள். என்னைக் கேட்டால் இதன் பலமே அதுதான். வரிசையை மாற்றாமல், முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் கேட்டுப் பாருங்கள்.