பஞ்சத்திற் படிக்காசு: சேக்கிழார் காட்டும் மறைப்பருள்

வற்கடம் வந்துற்ற காலத்து அடியார் பட்ட பாட்டினைப் பெரியபுராணம் ஓரிடத்தன்றிப் பலவிடத்துங் கூறுகின்றது. அவ்விடங்களை எடுத்துரைப்போர் பெரும்பாலும் 'அன்புடையார்க்கு வறுமை இல்லை. கேட்டவுடன் இறைவன் பொன் கொடுப்பான்' என்று முடித்துவிடுகின்றனர். இவ்வுரை கேட்போர்க்கு இனிதேயாயினும் நூலுக்கு ஒத்ததன்று. பொன் வாராதவன் அன்பிலன் என்னும் கொடிய முடிபு அதனின்றும் பிறத்தலின், அதனை ஆராயாது விடுதல் தகாது.

இறைவன் செய்யும் ஐந்தொழில்களுள் மறைத்தலும் ஒன்று. மறைத்தலாவது கைவிடுதலன்று. உயிர் வினைப்பயனை நுகர்ந்து மலபரிபாகம் எய்துங்காறும் அருளே தன்னைக் காட்டாது உடனின்று நடத்துதலாம். மலத்தைச் செலுத்தும் இயைபு பற்றித் திரோதான சத்தியும் உபசாரமாக மலம் எனப்பட்டதேயன்றி, அஃது இயல்பில் அருளேயாம் என்பது சித்தாந்தத் துணிபு. உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் 'அருளது நிலை' என ஓர் அதிகாரமே வகுத்து, அருளினுள்ளே வாழ்ந்தும் உயிர்கள் அதனை அறியாமையைப் பாற்கடல் மீன் முதலிய உவமைகளான் விளக்குவர். இக்கருத்தை உளங்கொண்டு சேக்கிழாரை நோக்கின், அவர் வற்கடச் செய்திகளை அமைத்த முறை வேறாகத் தோன்றும்.

முதலாவது புகழ்த்துணை நாயனார் வரலாறு. அரிசிற்கரைப்புத்தூரில் வழிவழித் தொண்டு பூண்ட ஆதிசைவராகிய அவர், பஞ்சத்தாற் பசி மிகவும் பூசையை விட்டாரல்லர். திருமஞ்சனக் குடத்தைத் தாங்கமாட்டாமல் கை தளர, அது இறைவன் திருமுடிமேல் விழுகின்றது. ஈண்டு நோக்கற்பாலது, நாயனார் யாதும் வேண்டிலர் என்பது. அவர்க்குத் துயில் வருகின்றது. அத்துயிலிலே, பஞ்சம் நீங்குமளவும் நாள்தோறும் ஒரு காசு வைப்போம் என்னும் மொழி வருகின்றது. விழித்தெழுந்து பீடத்தின்கீழ்க் காசு கண்டார். பஞ்சமோ அன்று நீங்கிற்றிலது. பல நாட்கு வேண்டும் பொருள் ஒருங்கே குவியவுமில்லை. நாளைக்கு வேண்டுவது நாளையே வரும். இங்ஙனம் அளந்து கொடுத்தலால் நாயனாருடைய நம்பிக்கை ஒருநாள் வியப்பாய் ஒழியாது, நாள்தோறும் புதுக்கப்படும் ஒழுக்கமாயிற்று.

இதனினும் விரிந்தது திருவீழிமிழலைச் செய்தி. அப்பரும் ஆளுடைய பிள்ளையாரும் அடியார் கூட்டத்தோடு அங்கு இருந்த காலத்து வற்கடம் வந்தது. கனவில் தோன்றிய இறைவன் உரைத்ததாகச் சேக்கிழார் வைத்த கருத்து மிக நுண்ணிது. கால வேறுபாட்டால் உங்கள் உள்ளம் வாடாது. எனினும் உம்மை அடைந்தார்க்கு அளித்தற்பொருட்டுக் காசு தருகின்றோம் என்பதே அது. பெரியோர் இருவரும் பொருளைப் பெறுவோர் அல்லர், பொருள் செல்லும் வாயில் என்பது இதனாற் பெறப்படும். பெற்ற காசினால் அவர்கள் செய்ததும் அதுவே. இருபொழுதும் பறை சாற்றி அடியாரை அழைத்து அமுதளித்தனர். மறைந்து நின்ற அருள் வெளிப்பட்டது கனவிலும் பீடத்திலும் மட்டுமோ? அடுப்படியிலும் பந்தியிலும் அன்றோ!

பிள்ளையார் பெற்ற காசு வாசியுடையது; மாற்றுதற்கு வட்டங் கொடுக்க வேண்டியிருந்தமையின் அவர் மடத்தில் அமுது காலந் தாழ்த்தது. அப்பர் காசுக்கு வாசியில்லை. மகனுக்கு ஒருவாறும் பணிசெய்வார்க்குக் குறையாக் கூலியாகவும் தந்தான் என்னும் வழக்கு உண்டு. அப்பரின் கைத்தொண்டே காரணமெனச் சேக்கிழார் கூறுதலே பொருந்துவது. அருளிற் பிறந்த காசும் கடைத்தெருவில் வட்டங் கழிக்கப்படுகின்றது என்று எழுதத் துணிந்த புலவரைக் கற்பனையில் மிதப்பவர் என்றல் யாங்ஙனம்?

'காசு கொடுத்த இறைவன் மழையைக் கொடாதது ஏன்?' என வினவுவாரும் உளர். வினா நியாயமானதே. ஆயினும் காசு கொண்டு பண்டம் வாங்க இயன்றது என்னும் கதையமைப்பை அவர் நோக்கிற்றிலர். தானியம் எங்கோ இருந்தது. பெறுதற்கு வழியில்லாதாரே பசித்தனர். பஞ்சமாவது உணவு அற்றுப்போதல் மட்டுமன்று, உணவைப் பெறும் உரிமை அறுதலும் ஆகும் என அமர்த்தியா சென் 1981-இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வருத்திய தாதுவருடப் பஞ்சத்தும், மக்கள் மடியத் துறைமுகங்களினின்று தானியம் ஏற்றுமதியாயிற்று. இதனால் சேக்கிழார் பொருளியல் கூறினார் என்பதன்று. அவர் கண் உலகியலை விட்டு அகலவில்லை என்பதே.

அக்கண் வளர்ந்தது குன்றத்தூரில். அதற்குத் தென்மேற்கே சில கல் தொலைவில் உள்ளது படப்பை. தோட்டம் எனப் பொருள்படும் பழந்தமிழ்ப் பெயர் உடையது. மணிமங்கலமும் அண்மையில் உள்ளது. பேராறு இல்லாத இத்தொண்டைநாட்டுப் பகுதி, ஏரி நிறைந்தால் வாழ்வும் வறண்டால் வாட்டமுமாய் வானை நோக்கியே இருந்தது. அதே வானம் 2015 டிசம்பர் முதல் இரு நாட்களில் மிகப் பொழிய, அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராசபுரம் முதலிய ஊர்களில் வீடுகளுட் புகுந்தது. கடற்கரை மீனவர் தம் படகுகளைக் கொணர்ந்து பலரை மீட்டனர். மீட்கப்பட்டோர் அதனை இறைவன் செயல் என்றல் பொருந்தும். படகு வாராத வீட்டாரை அருளிழந்தோர் என்பதற்கோ நூலில் இடமில்லை. மிழலையிற் காசு பெறாதோர் அனைவரும் அன்பிலார் என்று சேக்கிழார் யாண்டும் கூறிற்றிலர். அவர்கள் பறையோசை கேட்டுப் பந்திக்கு வந்தனர்.

இக்கொள்கைக்கு இடர் விளைப்பது கோட்புலி நாயனார் வரலாறு ஒன்றே. நாட்டியத்தான்குடியில் இறைவன் அமுதுக்கென அவர் சேர்த்து வைத்த நெல்லை, அவர் போர்மேற் சென்றிருந்தபோது பஞ்சத்தால் வருந்திய சுற்றத்தார் பின்னர்க் கொடுத்துவிடலாம் என்று உண்டனர். மீண்டு வந்தவர் அவர்களை வாளுக்கு இரையாக்கினார், குழவியும் தப்பிற்றிலது. அடியார்க்குக் காசு வைத்த இறைவன் இங்கே பசித்தார்க்கு முன்னர் வந்திலன். முடிவிலே தோன்றி, இறந்த சுற்றத்தார்க்கு உயர்கதி அருளினான். உடைமை சிவனதாயின் அதனை உண்டது குற்றம் என்று சொல்லி அமைதி கூறுவது எளிது. ஆனால் மிழலையில் சிவன் காசே பசித்தார் பந்திக்குச் சென்றதனை அருகே வைத்து நோக்குங்கால் அவ்வமைதி நிறைவு தருவதாயில்லை. இருவரலாற்றையும் ஒரே புலவர் ஒரே நூலில் வைத்தார். ஒன்றை மற்றொன்றால் மழுப்பிற்றிலர்.