செங்கல்லின் துவாரங்களும் அவற்றை அளக்கும் முறைகளும்

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் செல்லும் சாலையில், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தைச் சுற்றி வீடுகள் பெருகிவரும் வேங்கிக்காலில், கட்டடம் எழும் இடந்தோறும் ஒரு பரீட்சை நடைபெறுகிறது. அதைப் பரீட்சை என்று எவரும் சொல்வதில்லை. கொத்தனார் இரண்டு செங்கற்களை ஒன்றோடொன்று தட்டி, 'கிண்' என்ற நாதம் எழுகிறதா என்று செவிமடுக்கிறார். பின்பு சித்தாள் கற்களைத் தொட்டி நீரில் அமிழ்த்தி, சரஞ்சரமாகக் கிளம்பும் குமிழிகள் அடங்கும் வரையில் ஊறவிட்டு எடுத்துக் கொடுக்கிறாள். கல்லின் துவாரங்களில் இருந்த காற்றே அக்குமிழிகள். காற்று விட்டுச் சென்ற இடத்தை நீர் பிடித்துக்கொள்கிறது. பிடித்த நீரை நிறுத்துப் பார்த்தால் போதும், சாஸ்திரீயமான அளவை கிடைத்துவிடும்.

ஐ.எஸ். 3495 என்னும் இந்திய நியமம் கூறுவதும் ஏறக்குறைய இதுதான். 105 முதல் 115 டிகிரி சூட்டில் எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்திய கல்லை, ஆறவிட்டு நிறுத்து, 24 மணி நேரம் நீரில் ஊறவைத்து, ஈரத்துணியால் துடைத்து, எடுத்த மூன்று நிமிஷத்துக்குள் மீண்டும் நிறுக்கவேண்டும். கூடிய எடை, உலர்ந்த எடையில் சாதாரண வகைகளுக்கு 20 விழுக்காட்டையும் வலிமை மிக்க வகைகளுக்கு 15 விழுக்காட்டையும் தாண்டலாகாது என்பது ஐ.எஸ். 1077 விதித்த வரம்பு. ஒரு தராசும் ஒரு வாளியும் ஓர் அடுப்பும் உள்ள எவரும் செய்யத்தக்க எளிமையும், சுவருக்கு நேரப்போகும் கதியையே கல்லுக்கு முன்கூட்டி நேரச்செய்யும் நேர்மையும் இம்முறையின் பெருஞ்சிறப்புகள்.

ஆயினும், எடை விழுக்காட்டில் ஒரு மயக்கம் உண்டு. 19 சென்டிமீட்டர் நீளமும் ஒன்பது அகலமும் ஒன்பது உயரமும் உள்ள, 2.7 கிலோ எடையுள்ள கல் 18 விழுக்காடு நீரை உறிஞ்சினால், உட்சென்றது 486 கிராம். கனஅளவில் கணக்கிட்டால் கல்லில் ஏறத்தாழ 32 விழுக்காடு வெற்றிடம்! அதுவும் முழுக் கணக்கன்று. குளிர்ந்த நீர் புகமாட்டாத மூலைகளில் காற்று சிறைப்பட்டு நிற்பதால்தான், ஐ.எஸ். 3495 நியமமே ஐந்து மணி நேரம் கொதிக்கவைக்கும் வேறொரு முறையையும் வைத்திருக்கிறது.

இதனினும் பெரிய குறை, துவாரத்தின் பருமனைப் பற்றி இவ்வெண் வாய்திறவாமை. 18 விழுக்காடே உறிஞ்சும் இரு கற்களில், ஒன்றில் சில பெரிய குழிகளும் மற்றொன்றில் எண்ணற்ற நுண்குழல்களும் இருக்கக்கூடும். பத்து மைக்ரான் ஆரமுள்ள குழலில் நீர் தானே ஒன்றரை மீட்டர் ஏறவல்லது. ஆரம் குறையக் குறைய ஏற்றம் கூடும். அஸ்திவாரத்திலிருந்து ஓதம் ஏறி, உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து உதிரும் சுவர்களின் துயரம் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையால் விளைவது. பரீட்சையிலோ இரண்டும் சமமாகத் தேறிவிடுகின்றன.

பருமனை அறியப் பாதரச முறை வந்தது. பாதரசம் கல்லை நனைப்பதில்லை. ஆகவே அழுத்திப் புகுத்தவேண்டும். துவாரம் சிறுகச் சிறுக அழுத்தம் மிகவேண்டும் என்பதை 1921-இல் வாஷ்பர்ன் என்பவர் சமன்பாடாக்கினார். ஒரு வளிமண்டல அழுத்தத்தில் சுமார் 15 மைக்ரான் விட்டமுள்ள வழிகளில் புகும் பாதரசம், நாலாயிரம் மடங்கு அழுத்தத்தில் நாலு நானோமீட்டர் இடுக்கிலும் புகும். இவ்வளவு அகன்ற எல்லையை ஒரே யந்திரத்தால் அளப்பது வியப்பே. ஆனால் யந்திரம் கண்டறிவது வாயிலை மாத்திரமே. குறுகிய கழுத்தும் பருத்த வயிறும் உள்ள குடத்தைப் போன்ற துவாரத்தை, அதன் கழுத்தளவே உள்ளதென்று அது கணக்கில் எழுதிவிடும். சிமெண்டுப் பொருள்களில் துவாரப் பருமனின் பரவலை அளக்க இம்முறை தகாது என்றே சிட்னி டயமண்ட் என்னும் ஆய்வாளர் 2000-இல் வாதிட்டார். என் அபிப்பிராயத்தில் அவ்வாதம் சிமெண்டுக்கு வலுவானது. செங்கல்லுக்கோ, நீரின் போக்கை நிர்ணயிப்பது கழுத்தே யாதலால், இக்குறை பாதி குணமாகிவிடுகிறது. சோதித்த கல் பாதரசம் தோய்ந்த கழிவாகிவிடுவது வேறு சங்கடம். பாதரச மாசினால் 2001-இல் மூடப்பட்ட கொடைக்கானல் வெப்பமானித் தொழிற்சாலையை அறிந்த தமிழர்க்கு அதை விளக்கவேண்டுவதில்லை.

நைட்ரஜன் வாயுவைக் கொண்டு அளக்கும் முறை, கரித்தூளுக்கும் வினையூக்கிகளுக்கும் உரியது. மைக்ரான் துவாரங்களுள்ள செங்கல்லுக்கு அது வீண் ஆடம்பரம்.

கல்லை விட்டு நிலத்துக்கு வந்தால் சிக்கல் முற்றுகிறது. திருவண்ணாமலைப் பிரதேசத்தின் கடினப் பாறையில் ஒரு துண்டை வெட்டி ஆய்வுச்சாலையில் எம்முறையால் அளந்தாலும் வெற்றிடம் மிக அற்பமாகவே கிடைக்கும். அதை நம்பினால் கிணறே வெட்டமாட்டோம். நீர் நிற்பது பாறையின் வெடிப்புகளிலும் மேலே சிதைந்த அடுக்கிலும். கைத்துண்டில் அவை அகப்படுவதில்லை. நிலத்தடி நீர் மதிப்பீட்டு நெறிமுறையோ, சிதைந்த கருங்கல்லுக்குக் களிமண் குறைவாயின் 3 விழுக்காடும் மிகுதியாயின் 1.5 விழுக்காடும் வடியத்தக்க நீரென வைத்துக்கொள்ளச் சொல்கிறது. ஒரு களிமண் வேற்றுமையால் தாலுகாவின் கையிருப்பே பாதியாகிவிடும் கணக்கு இது! கிணற்றிலேயே நீரை இறைத்து, மட்டம் தாழ்வதையும் மீள்வதையும் மணிக்கணக்கில் குறிக்கும் சோதனை இதனினும் மெய்க்கு நெருங்கியது. ஆனால் அதற்கு மின்சாரமும் ஆளும் நாளும் வேண்டும், கிடைக்கும் விடையும் அந்தக் கிணற்றைச் சூழ்ந்த சிறு நிலத்துக்கே செல்லும். வெடிப்பின் போக்கு மாறிவிட்டால் பக்கத்துக் கொல்லையின் கிணற்றுக்கு அது பொருந்தாது.