கலைஞர்களே கட்டிய அருங்காட்சியகம்: சோழமண்டலத்தின் நிறையும் குறையும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில், பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த ஈஞ்சம்பாக்கத்தில் 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமம் தோன்றியது. சென்னை அரசு ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் பாத்திக் துணிகளையும் கைவினைப் பொருட்களையும் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் கடலோர மணல்நிலத்தை வாங்கினார்கள். படம் விற்காத காலத்திலும் ஓவியர் பட்டினி கிடக்காமல் வரையவேண்டும் என்பதே நோக்கம். இந்த ஓவியர்களும் பங்குகொண்ட சென்னைக் கலை இயக்கத்துக்கான அருங்காட்சியகம் அதே வளாகத்தில் 2009இல் திறக்கப்பட்டது.

கலைஞர்களே தம் அருங்காட்சியகத்தை உருவாக்கிய இந்த வழி எவ்வளவு அரியது என்பது மற்ற வழிகளோடு ஒப்பிட்டால்தான் புரியும். பிரான்சில் 1801இல் உள்துறை அமைச்சர் ஷாப்தாலின் ஆணைப்படி, அரசிடம் குவிந்திருந்த ஓவியங்கள் 15 நகரங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. தேவாலயங்களிலும் பிரபுக்களின் மாளிகைகளிலும் பறிமுதலானவையும், போரில் கைப்பற்றியவையும் அவற்றில் அடக்கம். லியோன், போர்தோ போன்ற நகரங்களின் நுண்கலை அருங்காட்சியகங்கள் இப்படித்தான் வளர்ந்தன. தமிழகத்தில் நடந்தது நேர்மாறு. 1851இல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகம் மாவட்டங்களில் கிடைத்தவற்றைத் தன்னிடம் திரட்டிக்கொண்டது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் அதற்குத் துணை நின்றது. திருவாலங்காட்டு நடராசர் வெண்கலச் சிலையைக் காண எழும்பூருக்குத்தான் போகவேண்டும்.

சோழமண்டலமோ அரசு கொடுத்ததும் அல்ல, ஊரிலிருந்து எடுத்துச் சென்றதும் அல்ல. அதன் தலையாய பலம் இதுவே. பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையை உருவாக்கிய சிந்தனை எந்தக் கூட்டத்தில் விளைந்ததோ, அந்தக் கூட்டம் வாழ்ந்த மண்ணிலேயே படைப்புகளைப் பார்க்க முடிகிறது. சிற்பி ஜானகிராம் செப்புத் தகட்டைத் தட்டி முகப்புச் சிற்பங்கள் செய்தார். சிற்பி நந்தகோபால் உலோகத்தைப் பற்றவைத்துத் தெய்வங்களையும் விலங்குகளையும் எழுப்பினார். இங்கிருந்து பாரிஸ் சென்று குடியேறிய ஓவியர் விஸ்வநாதனும் இக்குழுவினரே. இந்தத் தலைமுறையின் படைப்புகள் தனியார் வரவேற்பறைகளில் சிதறாமல் ஓரளவேனும் ஓரிடத்தில் நிற்பது சிறிய காரியம் அல்ல.

குறையும் அதே வேரிலிருந்துதான் முளைக்கிறது. சென்னை இயக்கம் சோழமண்டலத்தைவிடப் பெரியது. அவ்வியக்கத்தின் ஓவியர் சந்தானராஜ் சோழமண்டலத்தில் குடியேறியவர் அல்லர். சிறுபத்திரிகைக் கோட்டோவியங்கள் வழியாகத் தமிழ் வாசகர் அறிந்த ஆதிமூலமும் அல்லர். ஓர் இயக்கத்தின் வரலாற்றை அதன் ஒரு கிளையே தொகுக்கும்போது, யார் நடுவில், யார் ஓரத்தில் என்று முடிவு செய்பவர்களும் அந்த வரலாற்றின் பாத்திரங்களாகவே இருப்பார்கள். வெளியாரின் கண்ணுக்கு அங்கே வேலை குறைவு.

இதைவிடக் கனமான குறை ஒன்று உண்டு. ஜானகிராமின் தகட்டுச் சிற்பத்துக்குத் தூண்டுதல் கோயில் கவசங்கள். அதே சாலையில் தெற்கே போனால் மாமல்லபுரம். அங்கே 1957 முதல் அரசு சிற்பக் கல்லூரி மரபுச் சிற்பிகளைப் பயிற்றுவிக்கிறது. பல்லவர் பாறையும், சிற்பியின் உளிக்கூடமும், நவீன உலோகச் சிற்பமும் ஒரே கடற்கரையில் இருந்தும், மூன்றையும் ஒரு கூரையின்கீழ் வைத்துப் பேச ஓர் அருங்காட்சியகம் இல்லை. நவீனத்துக்கு மட்டும் என எல்லை வகுத்த நிறுவனத்தால் அது இயலாது. லியோனில் 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அருங்காட்சியகமும் ஓவியப் பள்ளியும் ஒரே கட்டடத்தில் இயங்கின. பட்டு நெசவுக்கு வடிவம் வரைவோர் அங்கிருந்த மலர் ஓவியங்களைப் பார்த்துப் பயின்றனர். காஞ்சிப் பட்டைப் பெற்ற வட்டாரத்தில் அத்தகைய பிணைப்பு உருவாகவில்லை. பழி ஓவியர்கள்மீது அன்று, அரசின்மீதே விழவேண்டும்.

எட்டும் தொலைவும் கவனத்துக்குரியது. செங்கல்பட்டு மாவட்டத்துக் கருங்குழி மாணவர் ஒருவர் மாமல்லபுரம் வழியாக வருவதானால், செங்கல்பட்டு வரை ரயிலிலும், பிறகு திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்குப் பேருந்திலும் வந்து, அங்கிருந்து ஈஞ்சம்பாக்கத்துக்கு இன்னொரு பேருந்து பிடிக்கவேண்டும். மாமல்லபுரத்தோடு சுற்றுலாவை முடிக்கும் பள்ளிக்கு அதற்கப்பால் போகக் காரணம் சொல்லப்படுவதில்லை.

பணிக்கர் 1977இலும் நந்தகோபால் 2017இலும் மறைந்தார்கள். நிறுவிய தலைமுறை விலகும்போது, புதிய படைப்புகளை வாங்க நிலையான நிதியும், வெளியாருக்கும் இடமுள்ள தேர்வுக் குழுவும் இல்லாத எந்தத் தொகுப்பும் நினைவகமாகச் சுருங்கும். செங்கல்பட்டு மாவட்டத்துக்கென அரசு ஒரு நுண்கலைக்கூடம் எழுப்பினாலும் சோழமண்டலம் தேவையற்றதாகாது. தன் கதையைத் தானே முழுதும் சொல்லும் சுமை மட்டுமே அதற்குக் குறையும்.