அடைப்பு எடுத்தால் போதுமா?

பாதாளச் சாக்கடைப் பராமரிப்பு என்றாலே நம் ஊர்களில் அடைப்பு எடுப்பது என்றாகிவிட்டது. புகார் போகிறது, ஜெட்ராடிங் வண்டி வருகிறது, தண்ணீரைப் பீய்ச்சி அடித்ததும் கழிவு இறங்குகிறது, புகார் முடிகிறது. அதே மேன்ஹோல் அடுத்த மாதம் பொங்கினால் புதுப் புகாராகப் பதிகிறார்கள். ஏன் அங்கேயே பொங்குகிறது என்று கேட்பதற்கு அந்தப் பதிவேட்டில் இடமே இல்லை.

2018இல் கேரளத்தின் ஜென்ரோபாட்டிக்ஸ் நிறுவனம் கொண்டுவந்த 'பாண்டிகூட்' இயந்திரத்தைக் குறைசொல்ல மனம் வராது. மனிதன் இறங்கி அள்ளிய கசடை அது அள்ளுகிறது. ஆனால் அது வேலை செய்வது மேன்ஹோல் குழிக்குள். இரண்டு குழிகளுக்கு இடையே சுமார் 30 மீட்டர் ஓடும் குழாய்க்குள் நடப்பது அதற்குத் தெரியாது. பழுது பெரும்பாலும் அங்கேதான். இணைப்பு விலகிய சுட்ட மண் குழாய்க்குள் நிலத்தடி நீரோடு சுற்றியுள்ள மண்ணும் புகுகிறது. குழாய்க்கு மேலே வெற்றிடம் விழுகிறது. ஒரு மழையில் சாலை உள்வாங்குகிறது. நாம் தூர் வாரியதாகக் கணக்கெழுதும் மணலில் ஒரு பங்கு அந்தச் சாலையின் அடிமண்தான்.

கான்கிரீட் குழாயின் கதை வேறு. சாக்கடையில் உருவாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு மேலெழுந்து, ஈரமான உட்கூரையில் பாக்டீரியாக்களால் கந்தக அமிலமாகிக் கான்கிரீட்டை அரிக்கிறது. ஜெட் அடிப்பது தரையைக் கழுவும், அரிக்கப்படுவதோ கூரை. உள்ளே இறங்கும் தொழிலாளியைக் கொல்வதும் பெரும்பாலும் இதே வாயுதான்.

ஆகவே குழாய்க்குள் அனுப்பிப் பார்க்கும் கேமரா வேண்டும் என்பது எளிய முடிவு. அதற்கும் குறைகள் உண்டு. தண்ணீருக்கு அடியில் இருப்பதை அது காட்டாது. முதலில் குழாயைச் சுத்தம் செய்து, ஓட்டத்தையும் தடுத்தாக வேண்டும். குழாய்க்கு வெளியே உள்ள வெற்றிடமும் அதன் கண்ணில் படாது. ஒரே படத்துக்கு இரண்டு பொறியாளர்கள் இரண்டு தரம் கொடுப்பதும் உண்டு.

பழுது தெரிந்தபின் தோண்டுவதா, உள்ளுறை போடுவதா? 1971இல் லண்டனில் எரிக் வுட் செய்துகாட்டிய முறையில், பிசினில் ஊறிய துணிக்குழலைப் பழைய குழாய்க்குள் செலுத்தி இறுக வைக்கிறார்கள். வண்டி திரும்ப இடமில்லாத நம் தெருக்களுக்கு இது வரம். விரிசல், அரிப்பு, கசியும் இணைப்பு எல்லாவற்றுக்கும் பொருந்தும். தொய்ந்து கிடக்கும் குழாய்க்கு உதவாது: உறையும் அதே தொய்வில்தான் படியும், கழிவு அங்கேயே தேங்கும். நொறுங்கி விழுந்ததற்கும் தோண்டுவதே வழி. உறை போட்டபின் ஒவ்வொரு வீட்டு இணைப்பின் வாயையும் உள்ளிருந்து வெட்டித் திறக்க வேண்டும். ஒன்றை மறந்தாலும் அந்த வீட்டுக் கழிப்பறை பொங்கும்.

2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பின்றிச் சாக்கடைக்குள் ஆளை இறக்கத் தடை விதித்தது. இறப்புக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2014இல் 10 லட்சம் ரூபாய் என்றும் 2023இல் 30 லட்சம் என்றும் சொன்னது. ஆனாலும் ஜெட் குழாய் உடைந்த இணைப்பில் சிக்கி நிற்கும்போதுதான் யாரோ ஒருவரை இறங்கச் சொல்லும் ஆசை ஒப்பந்ததாரருக்கு வருகிறது. பழுது இருக்கும்வரை அந்த ஆசையும் இருக்கும்.

அதனால் என் தீர்ப்பு: புதிய இயந்திரம் வாங்கும் பணத்தில் முதல் பங்கு கேமராவுக்குப் போக வேண்டும், அதுவும் திரும்பத் திரும்பப் பொங்கும் தடங்களுக்கு முதலில். தூர் வாரிய நீளத்தைக் கொண்டு பில் போடுவதை நிறுத்தி, வாரியபின் எடுத்த படத்தைப் பார்த்தே தொகை தர வேண்டும்.